பழைய வண்டிகளுக்கு இ20 பெட்ரோல்: கொள்கை வகுத்தவர்கள் எங்களை நினைத்துப் பார்த்தார்களா?

மதுரை வாசகர்:
நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனால் பத்து விழுக்காட்டைத் (இ10) தாண்டக்கூடாது என்று அதன் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பகுதியில் எந்தப் பெட்ரோல் பங்கிற்குப் போனாலும் இருபது விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல்தான் கிடைக்கிறது. மைலேஜ் கண்கூடாகக் குறைந்துவிட்டது. இந்தத் திட்டத்தைத் தீட்டியபோது பழைய வண்டிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையா? வண்டியைக் காப்பாற்ற நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

கோவை பொறியாளர்:
யோசித்தார்கள், எழுதியும் வைத்தார்கள் என்பதுதான் என் வருத்தம். 2021-இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பான எரிபொருளாக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இ20 ஊற்றினால், இ10-க்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும், கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் எரிபொருள் திறன் குறையும் என்றும் சொன்னது. இருபது விழுக்காடு கலக்க 2018-ஆம் ஆண்டுக் கொள்கையில் 2030 என்றிருந்த இலக்கு 2025-26-க்கு முன்னிழுக்கப்பட்டது. 2022 ஜூனில் பத்து விழுக்காட்டை எட்டிய நாடு 2025-இல் இருபதைத் தொட்டுவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க இந்த வேகம் உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே இ10-இலிருந்து இ20-க்கு மாறும்போது மூன்றரை விழுக்காடு அளவில் இழப்பு வருவது இயல்பு. அதைவிட மிகுதியாகக் குறைந்திருந்தால் கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஆகவே மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்க வேண்டாம்.

நாமக்கல் பண்ணையாளர்:
வண்டிக்கு அப்பாலும் இதன் விளைவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசு கட்டுப்படுத்தியது. அந்த இடத்தை நிரப்பியது மக்காச்சோளம். அதிலிருந்து வரும் எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று விலை வைத்ததால் ஆலைகள் போட்டி போட்டு வாங்கின. விளைவித்த விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். ஆண்டுதோறும் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் அதையே இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய்த் தீவனத்தை இறக்குமதி செய்வது எந்தக் கணக்கில் சேரும்?

மதுரை வாசகர்:
விளக்கங்களுக்கு நன்றி. பிரேசிலில் இதைவிடக் கூடுதலாகக் கலக்கிறார்களாமே, அங்கே மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

கோவை பொறியாளர்:
அங்கே 2025 ஆகஸ்டிலிருந்து முப்பது விழுக்காடு. ஆனால் அவர்கள் தொடங்கியது 1975-இல். எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. பெட்ரோல் பங்கில் எத்தனால் தனியாகவும் கிடைக்கிறது. அதன் விலை பெட்ரோல் விலையில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மக்கள் அதை நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு முழு விலை கொடுக்கிறோம், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டதால், இனி அரசுதான் முடிவெடுக்க வேண்டும். நான் கேட்பது எத்தனால் இல்லாத பெட்ரோலைக்கூட அல்ல. அரசின் சொந்த அறிக்கை பரிந்துரைத்த இ10-ஐ ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்கிலாவது, இந்த வண்டிகள் ஓடித் தீரும்வரை விற்க வேண்டும் என்பதைத்தான்.