ஞாயிறு ஃப்ளைட்டில் ஸ்விங் பாடம் வேண்டாம்: விதி போடலாமா?

பாலம்தாண்டி (பட்டர்வொர்த்)

நம் ஞாயிறு கோல்ஃப் ஃப்ளைட்டுக்கு (சேர்ந்து ஆடும் நால்வர் குழுவுக்கு) ஒரு விதி கேட்கிறேன். முதல் டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) பதினெட்டாவது கிரீன் (குழி இருக்கும் புல்தரை) வரைக்கும் யாரும் அடுத்தவர் ஸ்விங்கைப் பற்றி, மட்டை வீசும் விதத்தைப் பற்றி, வாய் திறக்கக் கூடாது. கைப்பேசியில் படம் பிடிக்கவும் கூடாது.

போன முறை புக்கிட் ஜம்புல் மைதானத்தில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குச் சொல்கிறேன். நம்மில் ஒருவர் முதல் மூன்று ஹோலில் ரெண்டு பந்தை வலப்பக்கம் ஸ்லைஸ் அடித்தார். உடனே பக்கத்தில் நின்ற மூன்று பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். முழங்கையை ஒட்டி வை. தலையைத் தூக்காதே. இடுப்பை முதலில் திருப்பு. ஒருவர் வீடியோ எடுத்து, அதில் கோடு போட்டுக் காட்டினார். நாலாவது டீயில் அந்த மனிதர் நின்ற நிலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது, அவ்வளவு இறுக்கமான பிடி. கிளப்பை (மட்டையை) பின்னால் கொண்டுபோவார், பாதியில் நிறுத்துவார், காலை மாற்றி வைப்பார், மறுபடி ஆரம்பிப்பார். பின்னால் வந்த ஃப்ளைட் பக்கியை (மைதான வண்டியை) நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. கடைசியில் அடித்தார். ஷேங்க், பந்து கிளப்பின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் போய்விட்டது. அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாசி கண்டாருக்குக் கூப்பிட்டும் வரவில்லை, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் நம் எல்லோரையும் விட நன்றாக ஆடியவர். ஆட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. அதை நாம்தான் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரேஞ்ச்_மாஸ்டர் (சுபாங்)

மன்னிக்கவும் அண்ணே, எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

யோசிப்பது தப்பில்லை, தப்பாக யோசிப்பதுதான் தப்பு. நிக் ஃபால்டோவைப் பாருங்கள். நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்த மனிதர், 80-களின் நடுவில் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கை மொத்தமாகப் பிரித்துக் கட்டினார். ரெண்டு வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். 1987-இல் மியூர்ஃபீல்டில் கடைசி நாள் பதினெட்டு ஹோலிலும் பார் (அந்தந்த ஹோலுக்குக் குறித்த அடி எண்ணிக்கை) போட்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். மொத்தம் ஆறு மேஜர் (மிகப் பெரிய போட்டி) பட்டம். 1997 மாஸ்டர்ஸைப் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் வென்ற டைகர் வுட்ஸும் அதன் பிறகு ஸ்விங்கை மாற்றினார். 2000-இல் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விங்கைப் பற்றிப் பேசவே கூடாது என்றால் இதெல்லாம் எப்படி நடந்திருக்கும்?

இன்னொன்று. நம் ஆட்கள் பழகுவது ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்), பாய் மேல். கிளப் பந்துக்குப் பின்னால் ரெண்டு அங்குலம் தள்ளி விழுந்தாலும் பாயில் சறுக்கிப்போய்ப் பந்தை எடுத்துவிடும், அடித்தவருக்கு நல்ல அடி போலத் தெரியும். அதே அடியை மத்தியான மழை பெய்து ஓய்ந்த கௌ கிராஸ் புல் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளியில்) அடித்துப் பாருங்கள். அந்த அகல இலையும் ஈர மண்ணும் கிளப்பை அப்படியே பிடித்துக்கொள்ளும், பந்து முப்பது கஜம் போகாது. அதாவது உண்மையான குறை மைதானத்தில்தான் தெரிகிறது. தெரிகிற இடத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அளவுகோல் (பாயான் லெப்பாஸ்)

டவுன்ஸ்விங் ஆரம்பித்துப் பந்தில் படும்வரை ஆகிற நேரம் ஏறக்குறைய கால் விநாடி. பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லி விநாடி. ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்து உடம்பை அசைக்கவே நமக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். கிளப் இறங்கும்போது 'முழங்கை' என்று நினைத்தால், அந்த நினைப்பு கைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பியிருக்கும்.

ஆகவே டீயில் நிற்கிறவனிடம் மூன்று கட்டளை கொடுத்தால் அவனால் ஒன்றைக்கூட நிறைவேற்ற முடியாது. மாஸ்டர் சொன்ன ஃபால்டோ கதை உண்மைதான், ஆனால் அவர் அதைப் பயிற்சியில் செய்தார். கடைசி நாள் மூன்றாவது ஹோலில் யாரும் அவர் கைப்பேசியில் கோடு போட்டுக் காட்டவில்லை.

டீச்சர்_செந்தூல்

நான் இந்தக் குழுவில் புதுசு. கோல்ஃபிலும் புதுசு. பேசுகிறவர்கள் எல்லோரும் பல வருஷம் ஆடியவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'யோசிக்காதே, சும்மா அடி' என்ற அறிவுரை எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. எதை அடிப்பது, எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதபோது சும்மா எப்படி அடிப்பது? சியான் பெய்லாக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பட்டிங்கை (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதை) வைத்துச் செய்த சோதனைகள் 2002-லும் 2004-லும் வெளிவந்தன. தேர்ந்தவர்களிடம் தங்கள் அசைவைக் கவனிக்கச் சொன்னபோது அவர்கள் ஆட்டம் கெட்டது. வேகமாக அடி, நேரம் எடுக்காதே என்றதும் நன்றாகப் போட்டார்கள். புதியவர்களிடம் நேர் எதிர். அவசரப்படுத்தினால் மோசமாக ஆடினார்கள், அசைவைக் கவனித்து நிதானமாக அடித்தபோது நன்றாக ஆடினார்கள். ஒரே விதி ரெண்டு பேருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மாஸ்டருடனும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ரேஞ்சில் நான் ஒரு கூடை பந்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும், முன்பின் தெரியாத ஆண்கள் பக்கத்தில் பந்தடிக்கிற இடத்திலிருந்து வந்து என் தோளைப் பற்றியும் நிற்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் கேட்டேனா? இல்லை. பக்கத்தில் அவர்களைவிட மோசமாக அடிக்கிற ஆண் இருப்பான், அவனிடம் போகமாட்டார்கள். விதி போடுவதானால் 'கேட்காமல் சொல்லாதே' என்று போடுங்கள். கேட்கிறவர் வாயையும் சேர்த்துப் பூட்டாதீர்கள்.

கேடி_மகன் (காஜாங்)

என் அப்பா தோட்டத்து கோல்ஃப் கிளப்பில் கேடி (ஆடுகிறவர்களின் பை தூக்குகிறவர்). ஒன்பது ஹோல் மைதானம், சுற்றிலும் ரப்பர். துரைமார் பையைத் தூக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். சாயங்காலம் அவர்கள் போனபிறகு யாரோ தூக்கிப்போட்ட ஐந்தாம் நம்பர் அயர்னை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். எல்லா அடியும் அந்த ஒரே கிளப்பில்தான், பட்டிங் உள்பட. அவர் கிரிப் எந்தப் பாடத்திலும் இருக்காது. பேக்ஸ்விங் பாதியில் நின்றுவிடும். ஆனால் 'அந்தப் பனைக்கு இடப்பக்கம் விழும்' என்று சொல்லிவிட்டு அடிப்பார், விழும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் கை, இடுப்பு என்று எதுவும் பேசியதில்லை. 'பந்து எங்கே போகணும்? அங்கே பாரு. பார்த்தாச்சா? சரி, அடி.' இவ்வளவுதான் பாடம்.

ஜிம் ஃப்யூரிக் ஸ்விங்கைப் பார்த்திருப்பீர்கள், கிளப் மேலே போய் ஒரு வளையம் போட்டுக் கீழே வரும். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர் அப்பா. அந்த வளையத்தை யாரும் நிமிர்த்தவில்லை. 2003-இல் யூ.எஸ். ஓப்பன் வென்றார். 2016-இல் ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார், பிஜிஏ டூரில் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில்) அதற்கு முன் யாரும் அவ்வளவு குறைவாக அடித்ததில்லை. அந்த வளையத்தோடு அவர் இன்று நம் ஃப்ளைட்டுக்கு வந்தால் முதல் ஹோலிலேயே நம் ஆட்கள் திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

ரேஞ்ச்_மாஸ்டர்

கேடி_மகன், உங்கள் அப்பாமேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தத் தலைமுறையில் அப்படி வந்த தமிழ் ஆட்டக்காரர்கள் நம் நாட்டில் பலர். ஆனால் அவர்கள் பத்து வயதில் ஆரம்பித்தவர்கள், தினமும் மைதானத்தில் நடந்தவர்கள். என்னிடம் வருகிறவர் நாற்பத்தைந்து வயதில் வருகிறார், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த முதுகோடு. அவரிடம் 'அங்கே பாரு, அடி' என்று சொன்னால் அடிப்பார், ரெண்டு மாதத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குக் கீழ்முதுகு வலிதான் அதிகம் வருகிற தொல்லை, அடுத்து முழங்கை. ஒருவர் உடம்பை வளைத்து வதைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நான் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன்.

பாலம்தாண்டி

முதுகு விஷயம் சரி. யாருக்காவது அடிபடும் என்றால் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஃபால்டோவைச் சொன்ன நீங்கள் இயன் பேக்கர்-ஃபின்ச்சையும் சொல்ல வேண்டும். 1991-இல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர். இன்னும் தூரம் அடிக்க வேண்டும் என்று ஸ்விங்கை மாற்றப் போனார், ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். 1997-இல் ட்ரூனில் நடந்த அதே போட்டியில் முதல் சுற்றில் 92 அடி எடுத்துவிட்டு விலகினார், அதோடு போட்டி ஆட்டத்தையே விட்டுவிட்டார். மேஜர் வென்றவருக்கே இந்தக் கதி. ஃபால்டோவுக்குப் பக்கத்தில் ஒரே ஆசான் இருந்தார். நம் ஃப்ளைட்டில் ஆளுக்கு மூன்று ஆசான்கள்.

விதி புத்தகமும் என் பக்கம்தான் இருக்கிறது. விதி 10.2-ஐப் பாருங்கள். அடி எண்ணும் போட்டியில் ஒரு சுற்றின்போது உடன் ஆடுகிறவரிடம் எப்படி அடிப்பது என்று யோசனை கேட்டாலும் சொன்னாலும் ரெண்டு அடி தண்டனை. தன் கேடியிடம் கேட்கலாம், ஜோடி ஆட்டமாக இருந்தால் ஜோடியிடம் கேட்கலாம், அவ்வளவுதான். நம்முடையது போட்டி இல்லை என்பீர்கள். ஆனாலும் 2019-இல் விதிகளைத் திருத்தியபோது, ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்று பரிந்துரை வைத்தார்கள். நாம் யோசனை சொல்லி முடிக்கவே அந்த நேரம் போய்விடுகிறது.

மறுபடி ஆட்டத்தை ரசிக்க எனக்கு உதவியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். அடி எண்ணுவதை விட்டு ஸ்டேபிள்ஃபோர்டில் (ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் முறையில்) புள்ளி எண்ணினேன். ஒரு ஹோல் நாசமானால் அதற்குப் பூஜ்யம், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்குப் போகலாம், எட்டும் ஒன்பதும் அட்டையில் ஏறாது. பையில் பாதிக் கிளப்பைத்தான் எடுத்துப்போனேன். ஏழாம் நம்பர் அயர்னும் வெட்ஜும் பட்டரும் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பமே வராது. சில சாயங்காலம் ஒன்பது ஹோல் மட்டும். அந்த மேட்டிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்தேன்.

இடக்கை_கிள்ளான்

நான் இடக்கைக்காரன். எனக்குச் சொல்கிறவர்கள் எல்லாம் வலக்கை ஆட்கள், சொல்வதைத் தலைக்குள் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வதற்குள் என் முறை வந்துவிடும். விதிக்கு என் ஓட்டு.

அளவுகோல்

டீச்சர், நீங்கள் சொன்ன சோதனைகளோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999-இல் கேப்ரியேல் உல்ஃப் என்பவர் கூட்டாளிகளோடு செய்தது. கோல்ஃபே ஆடாதவர்களுக்குச் சின்னப் பிட்ச் அடி (பந்தை உயரத் தூக்கிக் கிட்டத்தில் போடுவது) சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் கைகள் ஆடுவதைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவிடம் கிளப் ஆடுவதை. கிளப்பைக் கவனித்தவர்கள் இலக்குக்கு நெருக்கமாக அடித்தார்கள். பயிற்சி முடிந்து அடுத்த நாள் சொல்லாமல் அடிக்க விட்டபோதும் அவர்கள்தான் முன்னால். ஆகவே புதியவர்களுக்கும் முழங்கையைப் பற்றிப் பேசுவது கெடுதல்தான்.

டீச்சர்_செந்தூல்

நல்ல ஆராய்ச்சிதான், ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. அந்த ரெண்டாவது குழுவிடமும் ஒருவர் 'கிளப்பைக் கவனி' என்று *சொன்னார்*. சும்மா இருக்கவில்லை. கேடி_மகனின் அப்பாவும் சும்மா இருக்கவில்லை, எங்கே பார்ப்பது என்று சொன்னார், அவர் மகன் கற்றுக்கொண்டார். எனக்குத் தேவை அப்படிப்பட்ட ஒரு வரி. கேட்டால் அதைச் சொல்ல ஃப்ளைட்டில் ஒருவர் இருக்கட்டும், மூன்று பேர் வேண்டாம்.

கேடி_மகன்

டீச்சர் சொல்வது நியாயம். அப்பா இன்னொன்றும் செய்வார். துரை மோசமாக அடித்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கிளப்பை எடுத்து நீட்டுவார். அந்த நேரத்தில் அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ரேஞ்ச்_மாஸ்டர்

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டால் ஒரே ஒரு விஷயம் சொல்வேன், அதுவும் உடம்பைப் பற்றி இல்லை. முதுகு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அப்போதும் சொல்வேன். மற்றதெல்லாம் ஆட்டம் முடிந்து தே தாரிக் வந்தபிறகு. ஆனால் வீடியோவை அடியோடு தடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. தன் ஸ்விங்கைத் தானே படம் பிடித்து வீட்டில் போய்ப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அதைச் செய்யாதவர்கள் தங்கள் குறையை எப்போதும் தெரிந்துகொள்ளமாட்டார்கள்.

பாலம்தாண்டி

டீயில் ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றாலே அடிக்கிறவர் உடம்பு மாறிவிடுகிறது மாஸ்டர். எடுப்பது யாருக்காக என்பது அவர் உடம்புக்குத் தெரியாது. அந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன். ரேஞ்சில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

வருகிற ஞாயிறு ரெண்டு ஃப்ளைட். முதலாவதில் நான், இடக்கை, அளவுகோல், கேடி_மகன். கைப்பேசி பைக்குள், இடி சைரன் கேட்டால் மட்டும் வெளியே. ரெண்டாவதில் மாஸ்டரும் டீச்சரும், மாஸ்டர் சொன்ன நிபந்தனையோடு. இன்னும் ரெண்டு இடம் இருக்கிறது. அன்று பேசாமல் போன நண்பருக்கு நானே இன்று இரவு கூப்பிட்டுச் சொல்கிறேன், எந்த ஃப்ளைட் என்று அவர் முடிவு செய்யட்டும்.

டீச்சர்_செந்தூல்

சனிக்கிழமையே கிளம்பிப் பினாங்கு வந்துவிடுகிறேன். ரெண்டாவது ஃப்ளைட்டில் என் பெயரைப் போடுங்கள். மாஸ்டர், என் முதல் கேள்வி ஈரப் புல்லில் வெட்ஜ் அடிப்பதைப் பற்றித்தான், ஒரு வரியில் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.