பாக்ஸிங்கா, எம்எம்ஏவா? உடம்பை அதிகம் பிழிவது எது?

அடையாறு_ஓட்டக்காரன்

வணக்கம். வயது 31, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். இரண்டு வருடமாகக் காலையில் பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் முடித்துவிடுவேன், அதனால் நமக்கு ஸ்டாமினா இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு பாக்ஸிங் கிளாஸ், வியாழக்கிழமை ஒரு எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) கிளாஸ், இரண்டும் ட்ரயல். பாக்ஸிங்கில் கோச் கையில் பிடிக்கிற பேடில் அடிக்கச் சொன்னார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே தோள்பட்டை எரிந்து கை தானாகக் கீழே இறங்கியது, கோச் "கை மேலே, கை மேலே" என்று கத்திக்கொண்டே இருந்தார். எம்எம்ஏவில் இன்னும் மோசம். என்னைவிட ஐந்தாறு கிலோ குறைவான ஒரு காலேஜ் பையன் என்னைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கத் திமிறினேன், நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, குமட்டிக்கொண்டு வந்து மேட்டை விட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். முன்கை இரண்டும் கல் மாதிரி இறுகிப்போய் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை.

என் ரூம்மேட் சொல்வது இது: தொழில்முறை பாக்ஸிங்கில் 12 ரவுண்டு, 36 நிமிடம். எம்எம்ஏவின் பெரிய போட்டி அமைப்பான யுஎஃப்சியில் சாம்பியன்ஷிப் சண்டையே 25 நிமிடம்தான். ஆக பாக்ஸிங்தான் கஷ்டம், கணக்கு முடிந்தது. எனக்கு மனது ஒப்பவில்லை. இரண்டையும் தொட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், உடம்புக்கு எது கஷ்டம்? 10 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான்கு நிமிடத்தில் ஏன் சாய்ந்தேன்? ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறேன்.

வியாசர்பாடி_சவுத்பா

தம்பி, உங்கள் ரூம்மேட் நிமிடத்தை எண்ணுகிறார், அந்த நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. நான் எட்டு வருடம் அமெச்சூர் ஆடினேன், மாநில அளவு வரை. அமெச்சூரில் மூன்று நிமிடம் வீதம் மூன்றே ரவுண்டு. மொத்தம் ஒன்பது நிமிடம், ஆனால் மணி அடித்ததிலிருந்து பாயின்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 12 ரவுண்டு ஆடுகிறவர் ஆரம்பத்தில் எதிராளியை அளந்து பார்த்து, தம்மை மிச்சம் பிடித்து ஆட முடியும். எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

உங்கள் தோள் எரிந்த கதைக்கு வருகிறேன். 16 அவுன்ஸ் கிளவுஸ் ஒன்று கிட்டத்தட்ட 450 கிராம். அதைக் கன்னத்தோடு ஒட்டி மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், ஒரு குத்துகூட விட வேண்டாம், அதுவே போதும். அதோடு புதிதாக வருகிற எல்லாரும் கையால் அடிக்கிறார்கள். குத்து தரையிலிருந்து கிளம்ப வேண்டும்: பின்னங்கால் பாதம் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் கடைசியில் வரும். நீங்கள் இடுப்பை விட்டுவிட்டு எல்லா பாரத்தையும் தோள் மேல் போட்டிருப்பீர்கள். கூடவே மூச்சையும் அடக்கியிருப்பீர்கள். பாக்ஸர்கள் குத்தும்போது "ஸ்ஸ்" என்று சத்தம் விடுவது மூச்சை வெளியே தள்ளத்தான். இன்னொன்று, பட்ட குத்தைவிட படாத குத்துதான் அதிகம் களைப்பாக்கும், ஏனென்றால் காற்றில் போன கையை நீங்களே நிறுத்தி, நீங்களே திருப்பி இழுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மாஸ்டர் எனக்கு இரண்டு மாதம் கிளவுஸே தரவில்லை. ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), மெரினா மணலில் ஓட்டம், திரும்பவும் ஸ்கிப்பிங். அப்போது கோபமாக இருந்தது, பிறகுதான் புரிந்தது, பாக்ஸிங்கில் முதலில் சாவது கால்தான். கால் நின்றுவிட்டால் அடி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினாரே, அதை எங்கப்பா போய்ப் பார்த்தார். அலிக்கு அப்போது 38 வயது. குத்து ஒன்றுகூட அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, அந்தக் கால் நகர்ந்த விதத்தை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எம்எம்ஏவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நின்ற இடத்தில் இரண்டு கையை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டிப்பிடித்தால் ரெஃப்ரி பிரித்துவிடுவார் என்ற நிலையில் ஆடுவது தனிக் கொடுமை.

வேளச்சேரி_கிராப்ளர்

அண்ணா சொன்ன அந்தக் கடைசி வரியைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். பாக்ஸிங்கில் கட்டிப்பிடித்தால் பிரித்துவிடுவார்கள், சில விநாடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கும்.

நண்பா, உங்கள் முன்கை இறுகியதற்குக் காரணம் இருக்கிறது. ஓடும்போது தசை சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து வேலை செய்கிறது, ஒவ்வொரு விரிதலிலும் ரத்தம் உள்ளே வரும். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கும்போது தசை சுருங்கியபடியே நிற்கிறது, ரத்தம் சரியாக உள்ளே போகாது, கழிவும் வெளியே வராது. அதனால் இதயம் இன்னும் தாங்கும் என்று சொன்னாலும் கை செத்துவிடும். அதோடு 65 கிலோ ஆள் உங்கள் நெஞ்சின் மேல் உட்கார்ந்தால் விலா எலும்பு விரியவே இடமில்லை, அரை மூச்சுதான் கிடைக்கும். அரை மூச்சில் பதற்றம் வரும், பதற்றத்தில் முழு பலத்தையும் போட்டுத் திமிறுவீர்கள், அவ்வளவுதான், நான்கு நிமிடம். உங்கள் ஓட்டம் வீண் என்று நினைக்காதீர்கள். ரவுண்டுக்கு நடுவே இருக்கிற ஒரு நிமிடத்தில் மூச்சு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதில் அது நிச்சயம் உதவும்.

எம்எம்ஏவில் களைப்பு ஒரே மாதிரி வராது, அதுதான் கொடுமை. ஒரு நிமிடம் குத்து, அப்புறம் டேக்டவுனுக்கு, அதாவது எதிராளியைக் கீழே தள்ள, பாய வேண்டும், அல்லது பாய்கிறவனைக் காலைப் பின்னால் உதறி ஸ்ப்ரால் செய்து தடுக்க வேண்டும், பிறகு சுவரோடு சேர்த்து இரண்டு நிமிடம் தள்ளுமுள்ளு, கீழே விழுந்தால் எழுந்திருக்க ஒரு போராட்டம். கெண்டைக்காலில் நான்கு உதை வாங்கினால் அந்தக் காலை நம்பி நிற்க முடியாது. அமெச்சூரில் இரண்டு முறை ஆடியிருக்கிறேன், இரண்டிலும் கடைசி ரவுண்டில் கையை மூட முடியவில்லை.

ஒன்றில் இருக்கிற தம் அப்படியே இன்னொன்றுக்கு வந்துவிடாது என்பதற்கு இரண்டு சண்டை பாருங்கள். எம்எம்ஏ வீரர் கானர் மெக்ரிகர் 2016-ல் நேட் டியாஸோடு ஐந்து ரவுண்டு, முழு 25 நிமிடமும் ஆடி ஜெயித்தவர். அடுத்த வருடம் பாக்ஸிங் ஜாம்பவான் மேவெதரோடு பாக்ஸிங் ஆடும்போது பாதிக்குமேல் தள்ளாடி 10-வது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். மேவெதருக்கு 40 வயது, இவருக்கு 29. மேவெதர் முதல் சில ரவுண்டில் கார்டைப் போட்டு (கையால் முகத்தை மறைத்து) முன்னே நடந்து இவரை அடிக்கவிட்டார், அவ்வளவுதான். மறுபக்கம் 2010-ல் பாக்ஸிங்கில் முன்னாள் உலகச் சாம்பியனான ஜேம்ஸ் டோனி யுஎஃப்சிக்கு வந்தார். 47 வயது எம்எம்ஏ வீரர் ராண்டி கூச்சர் காலைப் பிடித்துக் கீழே போட்டார், முதல் ரவுண்டே முடியவில்லை, டோனி கழுத்துப் பிடியில் டேப் செய்துவிட்டார், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார்.

கீழ்ப்பாக்கம்_பிசியோ

இருவரும் களைப்பைப் பற்றிச் சொன்னீர்கள், நான் சேதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "உடம்புக்கு எது கஷ்டம்" என்ற கேள்வியில் அதுவும் இருக்கிறது.

எம்எம்ஏ பார்க்க பயங்கரமாக இருக்கும். 4 அவுன்ஸ் கிளவுஸ், முழங்கை, முழங்கால், ரத்தம். முட்டி, தோள், விரல் மூட்டு என்று காயமும் பலவகை. ஆனால் சண்டை கழுத்துப் பிடியிலோ கைப் பிடியிலோ முடியலாம், தட்டினால் விட்டுவிடுவார்கள். பாக்ஸிங்கில் இலக்கு தலையும் வயிறும்தான். விழுந்தால் பத்து எண்ணுகிறார்கள், எழுந்தால் திரும்பவும் அதே தலைக்கு அடி. பெரிய கிளவுஸ் முகத்தில் வெட்டைக் குறைக்கும், கை எலும்பைக் காப்பாற்றும், மண்டைக்குள் மூளை ஆடுவதை நிறுத்தாது. ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பாக்ஸர்களுக்கு வருகிற மூளைப் பாதிப்பைப் பற்றி 1928-லேயே எழுதிவிட்டார். 1982-ல் கொரியாவின் கிம் டுக் கூ 14-வது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்த பிறகுதான் சாம்பியன்ஷிப் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்க ஆரம்பித்தன. அதனால் 36 நிமிடம் என்ற கணக்கை வெறும் ஸ்டாமினா கணக்காகப் பார்க்காதீர்கள்.

எடை குறைப்பதும் இரண்டிலும் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, வியர்த்து இரண்டு மூன்று கிலோ இறக்கிவிட்டு மறுநாள் தலையில் அடி வாங்குவது மிகவும் ஆபத்து. நம் ஊரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே பயிற்சி செய்கிறவர்களுக்கு மூன்றாவது ரவுண்டில் வருகிற மயக்கம் ஸ்டாமினா குறைவால் வருவதாக இல்லாமல் சூட்டால் வருவதாகவும் இருக்கலாம். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மேட்டில் புரளுகிறவர்கள் கிளாஸ் முடிந்த உடனே குளியுங்கள், படர்தாமரை இங்கே அவ்வளவு சுலபமாகத் தொற்றும்.

கடைசியாக ஒன்று, இது என் சொந்த வருத்தம். என் தம்பியை ஒரு ஜிம்மில் சேர்ந்த இரண்டாவது வாரமே ஹெட்கார்டு இல்லாமல் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இறக்கிவிட்டார்கள். பத்து நாள் தலைவலி, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. அந்த நிலையில் "நாளைக்கு வா, சரியாகிவிடும்" என்று போன் செய்தார்கள். நீங்கள் எதில் சேர்ந்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஸ்பாரிங் எப்போது ஆரம்பிப்பீர்கள், தலையில் அடிபட்டால் எத்தனை நாள் நிறுத்துவீர்கள்? பதில் தெளிவாக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடையாறு_ஓட்டக்காரன்

மூவருக்கும் நன்றி. ரூம்மேட்டுக்குப் படித்துக் காட்டினேன், கணக்கை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் என்னோடு ஒருநாள் கிளாஸுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டான். முதல் ஆறு மாதம் பாக்ஸிங், தலைக்கு அடி இல்லாமல் பேக், பேட், கால் வேலை மட்டும், வாரம் ஒருநாள் கிராப்ளிங் (பிடித்துச் சண்டையிடுவது) என்று யோசிக்கிறேன். அண்ணா, அந்த இரண்டு மாத ஸ்கிப்பிங்கை வீட்டிலேயே ஆரம்பிக்கலாமா? மொட்டை மாடி இருக்கிறது.

வியாசர்பாடி_சவுத்பா

தாராளமாக. ஆனால் வெறும் சிமென்ட் தரையில் வேண்டாம், கெண்டைக்காலும் முன்னெலும்பும் வலிக்கும். பழைய ரப்பர் மேட் ஒன்றைப் போட்டு ஷூவோடு குதியுங்கள். கயிற்றின் நடுவே ஒரு காலை வைத்து மிதித்தால் கைப்பிடி இரண்டும் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் உங்கள் அளவு. மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, முதல் வாரம் மூன்று ரவுண்டு போதும். உயரமாகக் குதிக்காதீர்கள், கயிறு போகிற அளவுக்குத் தரை விட்டால் போதும். ரூம்மேட்டையும் குதிக்கச் சொல்லுங்கள்.