பொருள்: பிழையா, வழுவா? வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

திருச்சி, கல்லூரி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் எண்ணியல் தொகையிடல் (தொகையீட்டின் மதிப்பை எண்களால் தோராயமாகக் கணித்தல்) பற்றிய செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிழை' என்ற ஒரே சொல்லால் வகுப்பில் குழப்பம். எக்ஸின் வர்க்கத்தை 0 முதல் 1 வரை சைப்பை என்ற கணித நிரலகத்தின் 'குவாட்' என்ற செயற்கூற்றைக் கொண்டு தொகையிட்டால் இரண்டு எண்கள் வரும்: 0.3333 என்ற விடை, கூடவே பத்தின் 15ஆம் அடுக்கால் 3.7ஐ வகுத்தது போன்ற மிகச் சிறிய பிழை மதிப்பீடு, அதாவது விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற கணிப்பு. ஒரு மாணவி அந்த இரண்டாம் எண்ணைக் காட்டி, "இந்தப் பிழையை எப்படித் திருத்துவது அம்மா?" என்றாள். அவள் திருத்த வேண்டியது வேறு. இரண்டு எண்களும் சேர்ந்த இணையை அப்படியே 2ஆல் வகுத்திருந்தாள்; சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி நின்றது. திருத்துவதற்கு ஒரு சொல், அளப்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

யாழ்ப்பாணம்:
அளவீட்டில் வருவதை நாங்கள் 'வழு' என்றே படித்தோம். எழுதுபவரின் கைத்தவறு 'பிழை'யாக இருக்கட்டும்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்:
எங்களுக்கு அது தலைகீழ். நிரலில் உள்ள குறைதான் வழு. அதைத் தேடித் தருவது வழுநீக்கி. நீங்கள் அளக்கச் சொல்வதை நாங்கள் நீக்கச் சொல்கிறோம்.

மதுரை, தமிழாசிரியர்:
வழுவுதல் என்றால் நெறியிலிருந்து நழுவுதல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவையும் இலக்கணம் வகுத்தது. அதோடு நில்லாமல் வழுவமைதியும் தந்தது. வீடு திரும்பும் பசுவை உவப்பினால் "என் அம்மை வந்தாள்" என்கிறோமே, அது வழுதான், ஆனால் ஏற்கப்பட்ட வழு. 'இவ்வளவு விலகினால் போதும், ஏற்றுக்கொள்' என்று குவாடுக்கு முன்கூட்டிச் சொல்லும் எல்லைக்கு 'வழுவமைதி'யைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியில் கிடைக்கும்?

சென்னை:
ஐயா, வழுவமைதிக்குக் காரணம் வேண்டும். இங்கே இருப்பது அளவு மட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை 'அமைதி'யைச் சத்தமின்மை என்றுதான் படிக்கும். 'பிழை வரம்பு' போதும்.

கோவை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
பெயர்ச்சொல்லில் சண்டையிட்டு 'மதிப்பீடு' என்பதைக் கைவிட்டுவிடாதீர்கள். ஈ-யின் அடுக்கில் எதிர் எக்ஸ் வர்க்கம் வைத்த மணிவடிவச் சார்பை −10000 முதல் 10000 வரை குவாடிடம் கொடுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 0, பிழை மதிப்பீடும் 0. உண்மை விடை பை (π) என்ற மாறிலியின் வர்க்கமூலம், 1.7724. நடுவில் இருக்கும் ஒடுக்கமான மேடு, குவாட் சார்பின் மதிப்பைப் பார்க்கும் மாதிரிப் புள்ளிகளுக்கு இடையில் தப்பிவிடுகிறது. தொகையிடும் எல்லைகளை −15, 15 என்று சுருக்கினாலோ, முடிவிலி என்று கொடுத்தாலோ சரியாகிவிடும். இங்கே சிவப்பு எழுத்து எதுவும் வராது. அந்த மாணவி பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

திருச்சி:
ஐயாவின் எடுத்துக்காட்டைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். மூவர் ஒப்பியதால் நிரலில் வருவது 'தவறு', எண்ணில் வருவது 'பிழை மதிப்பீடு', ஏற்கும் எல்லை 'பிழை வரம்பு'. இன்றிரவு அனுப்புகிறேன்.

யாழ்ப்பாணம்:
நல்லது. எங்கள் பிள்ளைகளுக்கான படியில் 'வழு' என்று மாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கள்.

மதுரை:
நான் ஒப்பவில்லை. வழுவமைதியை அடிக்குறிப்பிலாவது வையுங்கள் அம்மா.