புதுப்பிப்பு: வாசிப்பு வட்டம் மொபிலிசானுக்கு மாறியது

போன மாதம் கேட்டிருந்தேன்: வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தை அறிவிக்கும் தளம் சந்தாவைக் கூட்டிவிட்டது, வேறு வழி உண்டா என்று. சரி, மொபிலிசானுக்கு மாறிவிட்டோம். நிகழ்ச்சிகளை அறிவிக்கவும் குழுக்களை நடத்தவும் பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு 2020இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. சொந்த சேர்வர் வைக்கவில்லை. வேறொருவர் ஏற்கெனவே நடத்தும் சேர்வர் ஒன்றில் கணக்குத் திறந்தோம். (நடத்துபவர் மூடிவிட்டால்? அந்தப் பயம் இருக்கிறது.) வெவ்வேறு சமூக வலைத்தளங்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் அக்டிவிட்டிபப் நெறிமுறையில் இயங்குவதால், மாஸ்டடன் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தும் குழுவைப் பின்தொடரலாம்.

எனக்குப் பிடித்தது, கணக்கில்லாமலே வருகையைப் பதியலாம் என்பது. மின்னஞ்சலைக் கொடுத்து, வரும் இணைப்பை அழுத்தினால் போதும். மாமி ஒருவருக்கு அந்த மடல் ஸ்பாமுக்குள் போய்விட்டது. போனில் நான் சொல்லச் சொல்லத் தேடி எடுத்தார். மற்றவர்களுக்கு இன்னும் வட்ஸ்அப்பில்தான் இணைப்பை அனுப்புகிறேன்.