மின்வெட்டுக்கு முறைப்பாடா?

கேள்வி (ஹட்டன்):
நேற்றிரவு மழையில் மின்சாரம் நின்று, ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்துவிட்டதால், இணைய விளையாட்டில் தரவரிசை ஆட்டமொன்றின் நடுவே விலக நேர்ந்தது. திரும்பி வந்தபோது, “தோட்டக்காட்டான் ஓடிவிட்டான்” என்று மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் சொல்லால் எழுதியிருந்த சக அணியினர் நால்வரும், நான் வசைபாடியதாக முறைப்பாடு செய்து என் அரட்டையை முடக்கியிருந்தார்கள். நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (பண்டாரவளை):
தம்பி, இடையில் விலகுவதைப் பெரும்பாலான ஆட்டங்களில் சேவையகமே கணக்கிட்டுவிடும். வசைப் புகார் வேறு. அரட்டையின் திரைப்பிடிப்புடன் மேன்முறையீடு செய்யுங்கள். அந்த இழிசொல்லுக்காக நீங்களும் முறையிடுங்கள். அது பழிவாங்கல் அன்று.

பதில் (நுவரெலியா):
கோபத்தில் அழுத்தும் முறைப்பாட்டுப் பொத்தானை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான், கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் 2013 முதல், முறையிடப்பட்டவரின் பெயரை மறைத்து, ஆட்டப் பதிவை அனுபவமுள்ள வீரர்களே பார்த்துத் தீர்ப்பளித்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, இரண்டையும் இப்போதே அனுப்புகிறேன்.