நாஸ்ட்ரோ ஸ்டேட்மென்ட்டில் ஒரே பேமென்ட் மூன்று முறை பற்று: பணம் மூன்று தடவை போய்விட்டதா?

புதுவரவு:
வணக்கம். வங்கியின் ரீகன்சிலியேஷன் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும்) பிரிவுக்கு நான் புதிது. டாலர் நாஸ்ட்ரோவின் (வெளிநாட்டு வங்கியில் எங்கள் வங்கி வைத்திருக்கும் கணக்கு) நேற்றைய எம்டி950-ஐ (ஸ்விஃப்ட் ஸ்டேட்மென்ட் செய்தி) மென்பொருளில் ஏற்றினால், எங்கள் மிரர் கணக்கோடு (அதே கணக்குக்கு நாங்கள் வைக்கும் பதிவு) 80,025 டாலர் இடிக்கிறது. நாங்கள் அனுப்பியது 40,000 டாலருக்கு ஒரே ஒரு எம்டி103 (பேமென்ட் செய்தி). மென்பொருளோ அதே ரெஃபரன்ஸில் மூன்று பற்று காட்டுகிறது. அந்தக் கணக்கை வைத்திருக்கும் கரஸ்பாண்டன்ட் வங்கி மூன்று முறை அனுப்பிவிட்டதா? உடனே ரீகால் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் செய்தி) போடட்டுமா?

பழைய டெஸ்க்:
பொறுங்கள், ரீகால் வேண்டாம். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பணத்தையும் அது கிளறிவிடும். மென்பொருள் போட்ட கூட்டலை விட்டுவிட்டு மூலச் செய்தியைத் திறங்கள். 60 என்ற புலத்தில் உள்ள தொடக்க இருப்பு, 61 என்ற புலத்தில் வரும் பரிவர்த்தனை வரிகள், 62-இல் உள்ள முடிவு இருப்பு மூன்றும் ஒத்துப்போகின்றனவா? வித்தியாசம் ஒரு தொகைக்கு இரு மடங்காக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பற்று வரவுக் குறியைத்தான்.

புதுவரவு:
அட, 62-க்கும் மிரருக்கும் வித்தியாசம் வெறும் 25 டாலர்தான்! 61 வரிகளில் முதலில் டி (D, பற்று), அடுத்து ஆர்டி (RD), மறுபடி டி என்று இருக்கிறது.

பழைய டெஸ்க்:
விஷயம் அந்த ஆர்டியில்தான். முன்பு போட்ட பற்றை ரத்து செய்கிறார்கள் என்று பொருள், அதாவது உங்களுக்கு வரவு. மென்பொருள் அதையும் பற்றாக எடுத்திருக்கிறது. ஆர்சி (RC, வரவை ரத்து செய்வது) வந்தால் இதற்கு நேர்மாறு, அதையும் சோதித்துவிடுங்கள். ஆக, போட்டார்கள், எடுத்தார்கள், திரும்பப் போட்டார்கள். நிகரம் 40,000. பெரும்பாலும் வேல்யூ டேட்டை (பணம் கணக்கில் எந்த நாளிலிருந்து கணக்காகிறதோ அந்தத் தேதி) திருத்தத்தான் இப்படிச் செய்வார்கள்.

கட்டணக்காரன்:
25 டாலர் வரியில் என்சிஎச்ஜி என்று இருக்கிறதா? இருந்தால் அது கட்டணம். எம்டி103-இன் 71ஏ புலத்தில் 'அவர்' (OUR, கட்டணம் எங்களுடையது) என்று போட்டு அனுப்பியிருந்தால் மொத்தச் செலவும் உங்கள் தலையில்தான். சில வங்கிகள் எம்டி191 அனுப்பிக் கட்டணத்தைக் கேட்கும், சில நேரே பிடித்துவிடும்.

புதுவரவு:
ஆமாம், என்சிஎச்ஜி, ரெஃபரன்ஸ் இடத்தில் நான்ரெஃப் (ரெஃபரன்ஸ் இல்லை). 71ஏ 'அவர்'தான். இன்னொன்று: முதல் டியின் வேல்யூ டேட் ஒரு நாள் முந்தியது. ஆர்டியும் இரண்டாவது டியும் மறுநாள் தேதியில் இருக்கின்றன.

பழைய டெஸ்க்:
அப்படியானால் ஒரு நாள் 40,000 டாலர் உங்கள் கையில் இல்லை. ஆர்டியும் முதல் டியின் தேதியிலேயே இருந்திருக்க வேண்டும். அன்று கணக்கு ஓவர்டிராஃப்டில் இருந்திருந்தால் வட்டி வேறு பிடித்திருப்பார்கள். எம்டி995 (விசாரணைச் செய்தி) போட்டு, ஆர்டியின் வேல்யூ டேட்டை முதல் டியின் தேதிக்கே மாற்றச் சொல்லுங்கள். அந்த 25 எந்தப் பேமென்ட்டுக்கு என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை அது சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் கிடக்கட்டும்.

எக்ஸ்எம்எல் பிரியன்:
மென்பொருளைத் திருத்துகிறவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். கேம்ட்.053-இல் (ஸ்டேட்மென்ட்டின் எக்ஸ்எம்எல் வடிவம்) வரவு பற்றுக் குறியே உண்மையான திசையைக் காட்டும், ரிவர்சல் (ரத்து) குறி வெறும் தகவல். எம்டி950-க்கு எழுதிய திருத்தத்தை அங்கேயும் ஒட்டினால் குறி இரண்டாம் முறை புரண்டு, இதே 80,000 மறுபடியும் இதே பக்கமாக வந்து நிற்கும்.