புல் பிரேமுக்கு மாறலாமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு ஆலோசனை வேண்டும். கிளிநொச்சியில் நிக்கோன் டி7200 (படம் பதிகிற சென்சார் சிறிய டிஎக்ஸ் அளவு) வைத்துப் படம் எடுக்கிறேன். போன வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கற்பூரச்சட்டி ஏந்தி வந்த ஒரு அம்மாவின் முகத்தை, இருட்டென்று ஒளியுணர்திறனைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400 இல் எடுத்தேன், கன்னமெல்லாம் மணல் தூவின மாதிரிப் புள்ளி, இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது பாவித்த டி750 ஒன்று விலைக்கு வருகிறது. புல் பிரேம், அதாவது 36×24 மி.மீ. பெரிய சென்சார், இருட்டில் கைகொடுக்கும், சரி. ஆனால் என்னிடம் இருக்கிற டிஎக்ஸ் லென்சுகளைப் போட்டால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பயன்பட்டு 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகிவிடும், அப்புறம் இரணைமடுவில் பறவை எடுக்கும்போது 300 மி.மீ. லென்ஸ் இந்தச் சிறிய சென்சாரால் 450 போலக் கிட்ட இழுத்துத் தருகிறதே, அதுவும் போய்விடும். கமராவையே மாற்றுவதா, இதையே வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட உள்ளே விடுகிற 35 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குவதா? இரவுத் திருவிழா எடுக்கிறவர்கள் சொல்லுங்கோ.